அம்புரோசின் பதினொரு ஞாயிறுகள்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் நிலநடுக்கமே வருவதில்லையே, அப்புறம் உனக்கு என்ன வேலை என்று அம்புரோசைக் கேட்காத உறவினர் இல்லை. கேட்டவர்களே சுமத்ராவில் பூமி அசையும் நாளில் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் இருபத்திரண்டாவது மாடியிலிருந்து செருப்பில்லாமல் இறங்கி ஓடி வருவார்கள். கீழே வந்து நின்றதும் முதலில் அழைப்பது அம்புரோசைத்தான். இன்னொன்று வருமா என்று கேட்பார்கள். வருமா வராதா என்று சொல்வது தம் வேலை இல்லை, வந்ததை எழுதிவைக்கும் கருவி தூங்கிப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் தம் வேலை என்று அவர் விளக்கத் தொடங்குவார். விளக்கம் பாதி முடிவதற்குள் அவர்கள் லிஃப்டில் ஏறியிருப்பார்கள்.

அம்புரோசுக்கு வயது ஐம்பத்தொன்று. எடை தொண்ணூற்று நான்கு கிலோ. அதில் நான்கு கிலோவை அவர் ஒப்புக்கொள்வதில்லை. தகப்பனார் ரயில்வேயில் தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையை வைத்தே விரிசலைக் கண்டுபிடித்தவர். மகன் பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில், குடியிருப்பது மனைவி டொரத்தியோடு சுங்கை வேயில். அரசுத் துறை ஒன்றுக்காக நிலநடுக்க நிலையங்களைப் பராமரித்துத் தரும் நிறுவனத்தில் தொழில்நுட்ப நிபுணர். நிபுணர் என்றதும் வெள்ளைக் கோட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். நிலநடுக்கமானி என்பது பிஸ்கட் டின் அளவுள்ள கருவி. அதைத் தரைக்கடியில் ஒரு சிமெண்டு அறையில் உட்காரவைத்து, மேலே சூரியத் தகடு, பக்கத்தில் பேட்டரி, மோடம் என்று பரிவாரமும் வைத்திருப்பார்கள். நிபுணர் அந்த அறைக்குள் குனிந்து இறங்கி எறும்புகளை வெளியேற்றுவார். எலி கடித்த கேபிளை மாற்றுவார். இடி விழுந்து செத்த மோடத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பார். பிறகு ஏறி வர முடியாமல் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

நிறுவனத்திடம் ஒன்பது நிலையங்கள் இருந்தன. அம்புரோசின் பொறுப்பில் இருந்தது காப்பார் நிலையம். அதற்கு இடம் தேர்ந்தெடுத்த மகானுபாவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மின்நிலையம், நடுவில் செம்பனை ஏற்றிப் போகும் லோரிகள், எல்லாவற்றுக்கும் அடியில் சேறு. அந்தச் சேற்றில் ஒருவர் மோட்டாரை ஸ்டார்ட் செய்தாலே கருவி பதறிப்போய் முள் முள்ளாக எழுதும். உலு லங்காட் மலையடிவாரத்தில் இருந்த நிலையமோ செந்தூரன் பொறுப்பில். கருங்கல் பாறை, சுற்றிலும் காடு, பக்கத்துச் சாலை மூன்று கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே நிலநடுக்கமானி ரிஷியைப் போல உட்கார்ந்திருக்கும்.

செந்தூரனுக்கு முப்பத்தெட்டு வயது. அரசாங்க உத்தியோகத்திலேயே மூன்று தலைமுறை பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அம்புரோசை ‘அங்கிள்’ என்று அழைத்தான். மறுநாளே ‘அண்ணே’ என்று திருத்திக்கொண்டான், ஆனால் சேதாரம் ஏற்பட்டுவிட்டது. அன்று தொடங்கிய பொறாமையை அம்புரோஸ் ஏழு வருடங்களாக, தம் நிலையத்தைக் காட்டிலும் சிரத்தையாகப் பராமரித்து வந்தார். செந்தூரன் கேபிளைக் கட்டினால் கட்டின் வால் கத்தரித்தாற்போல் ஒரே நீளத்தில் நிற்கும், பொறாமை. அவன் நிலையத்தில் எறும்பு இல்லை, பொறாமை. அவன் மனைவி கௌசலா கொடுத்தனுப்பும் மதியச் சாப்பாட்டில் கத்தரிக்காய்க் குழம்பு தனி டப்பாவில் வரும், அதற்கும் பொறாமை. இத்தனைக்கும் டொரத்தியின் குழம்பு அதைவிட நன்றாக இருக்கும் என்பதை அலுவலகமே அறியும்.

இந்நிலையில்தான் ஜப்பான் குறுக்கே வந்தது. அந்த வருடம் எந்த நிலையம் அதிக மதிப்பெண் எடுக்கிறதோ, அதன் நிபுணர் மூன்று வாரப் பயிற்சிக்கு ஜப்பான் போகலாம் என்று மேலாளர் ராதாகிருஷ்ணன் ஜனவரியிலேயே அறிவித்திருந்தார். ஒரே ஓர் இடம். நிலநடுக்கத்தோடு காலம் தள்ளுபவனுக்கு ஜப்பான் என்பது என்னவென்று வெளியாருக்குப் புரியாது. இருபத்திரண்டு வருடம் மிருதங்கத்துக்கு வார் பிடித்துக் கொடுத்தவனை முதன்முறையாகக் கச்சேரிக்குக் கூப்பிட்டது போல. அம்புரோஸ் தேவாலயத்தில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டார்.

மதிப்பெண் விதி எளிமையானது. நிலையத்தில் காரணம் தெரியாத இரைச்சல் பதிவானால் மதிப்பெண் குறையும். ஆடு, மாடு, பன்றி புகுந்தாலும் குறையும், ஏனென்றால் வேலியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நிபுணரின் கடமை. ஆனால் நிறுவனத்து ஆள் வேலையாக வந்து, வாசலில் தொங்கும் வருகைப் பதிவேட்டில் பெயரையும் நேரத்தையும் எழுதினால் அந்த நேரத்து இரைச்சல் கணக்கில் வராது. நிலையத்துக்குள் காலடி வைக்கும் எவரும் பதிவேட்டில் எழுதாமல் போகக் கூடாது. மற்ற மதங்களில் பத்துக் கட்டளைகள் இருக்கலாம், இந்தத் தொழிலில் இது ஒன்றுதான்.

அம்புரோஸ் அந்த வருடம் உண்மையாகவே உழைத்தார், அதை மறைக்கக் கூடாது. காப்பார் நிலையத்துச் சாலை முனையில் மாரியாயி என்ற பெண்மணி காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பலும் விற்பார். லோரிகள் எல்லாம் அங்கே பிரேக் போட்டு நின்று, மீண்டும் உறுமிக்கொண்டு கிளம்பும். கடையைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று அம்புரோஸ் மூன்று மாதம் மன்றாடினார்.

“பூமி ஆடுனா எனக்கே தெரியும்ணே, குழம்பு சட்டி ஆடுமில்ல,” என்றார் மாரியாயி. “அதுக்கு மண்ணுக்குள்ள ஒரு மெஷின புதைச்சு வெச்சு, அதுக்காக நான் கடைய வேற தூக்கணுமா?”

கடைசியில் கூடாரத்தை அம்புரோசே தூக்கிச் சுமந்து, கிராமத்துப் பக்கம் அரை கிலோமீட்டர் தள்ளி நட்டுக் கொடுத்தார். லோரிகள் சம்பல் வாசனை பிடித்த காகம் போல நாசி லெமாக்கைத் தேடிக்கொண்டு அங்கே போயின. காப்பார் நிலையம் ஏழாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறியது. சேற்றில் இருந்துகொண்டு இரண்டாம் இடம் என்பது இந்தத் தொழிலில் யாரும் செய்யாத காரியம். ஆனால் முதலிடத்தில் செந்தூரன் இருந்தான், மூன்று மதிப்பெண் முன்னால், பாறையின் மேல் கால் நீட்டிக்கொண்டு.

இவ்வளவு அமைதி நியாயமாக வர வாய்ப்பில்லை என்று அம்புரோசுக்குத் தோன்றியது அக்டோபர் முதல் ஞாயிறன்று, பூசையில், மறையுரையின் நடுவில். செந்தூரன் ஏதோ தில்லுமுல்லு செய்கிறான். கருவிக்கடியில் ரப்பர் வைத்திருக்கிறானா, மணல் கொட்டியிருக்கிறானா? பூசை முடிந்ததும் டொரத்தியைப் பிரிக்பீல்ட்ஸில் அவள் தங்கை வீட்டில் இறக்கிவிட்டார். சைட்டில் கொஞ்சம் வேலை என்றார். நேரே உலு லங்காட்டுக்கு ஓட்டினார். வேலிப் பூட்டுக்கு எல்லா நிபுணரிடமும் சாவி உண்டு. திறந்து உள்ளே போனார். நிலவறையைச் சுற்றி வந்தார். காற்றுக் குழாயில் காதை வைத்துக் கேட்டார். மணலும் இல்லை, ரப்பரும் இல்லை. சூரியத் தகடு துடைத்த கண்ணாடி போல இருந்தது. பதிவேட்டில் அவர் எழுதவில்லை. எழுதினால் வந்தது செந்தூரனுக்குத் தெரிந்துவிடும் அல்லவா?

இரண்டாம் ஞாயிறு, முதல் ஞாயிறு எதையாவது கவனிக்காமல் விட்டிருப்போமோ என்று போனார். மூன்றாம் ஞாயிறு காரணம் யோசிக்கவில்லை. நான்காம் ஞாயிறிலிருந்து அது ஒரு நேர்ச்சை போல ஆகிவிட்டது. போவார், சுற்றி வருவார், நிற்பார், அந்த அமைதியைப் பார்த்து இருபது நிமிடம் வயிறெரிவார், திரும்புவார். அக்டோபர் முடிவில் செந்தூரனின் மதிப்பெண் ஒன்று குறைந்தது. நவம்பரில் இன்னும் இரண்டு. காப்பாரும் உலு லங்காட்டும் சமமாகின. அம்புரோஸ் புனித அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றி நன்றி சொன்னார். டிசம்பரிலும் இரண்டு ஞாயிறு விடாமல் போனார். மொத்தம் பதினொன்று.

ஒரு விஷயத்தை வாசகர்கள் நம்ப மறுக்கலாம். தாளில் விழுந்த கோட்டைப் பார்த்தே இது ஆடு, இது பள்ளிக்கூடப் பிள்ளை, இது சைக்கிள் என்று சொல்லக் கூடியவர் அம்புரோஸ். அவர் காலடிக்குக் கீழே நாட்டிலேயே கூர்மையான கருவி ஒன்று உட்கார்ந்து, அவருடைய ஒவ்வோர் அடியையும் நொடி சுத்தமாக எழுதிக்கொண்டிருந்தது. அது அவருக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. பொறாமைக்காரன் தன்னைக் கண்ணாகவே நினைத்துக்கொள்கிறான், தனக்குக் கால் இருப்பது மறந்துவிடுகிறது.

டிசம்பர் மத்தியில் ராதாகிருஷ்ணன் கூட்டம் கூட்டினார். உலு லங்காட்டில் ஞாயிறுதோறும் என்ன இரைச்சல் என்று கேட்டார். செந்தூரன் ஒரு நீளத் தாளை மேசையில் விரித்தான். அம்புரோஸ் குனிந்து பார்த்தார். காலை பத்து நாற்பது. கனமான ஒரு முள், மெலிந்த ஒரு முள். கனம், மெலிவு, கனம், மெலிவு. முழங்காலைக் காப்பாற்றி இடது காலில் பாரத்தைப் போட்டு நடக்கும் தொண்ணூற்று நான்கு கிலோ, முழுதாக, நான்கு கிலோவும் சேர்த்து, அங்கே எழுதியிருந்தது.

“காட்டுப்பன்னி பாஸ்,” என்றான் செந்தூரன்.

அம்புரோஸ் மூச்சு விட்டார்.

“முன்னங்கால் அழுத்தமா விழுது, பின்னங்கால இழுக்குது. வயசான பன்னி. கொஞ்சம் கொழுத்தது.” செந்தூரன் முகத்தில் ஒரு ரேகையும் அசையவில்லை. “ஞாயிறு மட்டும்தான் வருது. பூசை பார்த்துட்டு வர்ற பன்னி போல.”

கூட்டம் சிரித்தது. பன்றி என்றால் வேலி சரியில்லை, மதிப்பெண் போனது போனதுதான் என்றார் ராதாகிருஷ்ணன். மலாயில் ‘பாபி ஹுத்தான்’ என்று காரணம் எழுதிக்கொண்டார். டிசம்பர் கணக்கும் சேர்ந்ததால் காப்பார் முதலிடம். ஜப்பானுக்கு அம்புரோஸ். எல்லோரும் கைகொடுத்தார்கள். செந்தூரனும் எழுந்து வந்து கைகொடுத்தான்.

“போயிட்டு வாங்கண்ணே,” என்றான். “அங்க குளிரும். முட்டிக்கு ஒரு பட்டி வாங்கிக் கட்டிக்குங்க.”

கையை விட்ட பிறகுதான் அம்புரோசுக்கு உறைத்தது. முழங்காலைப் பற்றி இவனிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

சுங்கை வேக்குத் திரும்பும்போது நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றார். அந்த முக்கால் மணியில் விஷயத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். செந்தூரனுக்குத் தெரியும். தெரிந்தே பன்றி என்றான். அவர் மானத்தையும் காப்பாற்றி, ஜப்பானையும் தூக்கி அவர் கையில் கொடுத்திருக்கிறான். வீட்டுக்கு வந்து டொரத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னார். பதினொரு ஞாயிறு பொய் சொன்னதற்கு அவள் முதலில் நன்றாகத் திட்டினாள். பிறகு செந்தூரன் செய்ததைக் கேட்டுத் திட்டுவதை நிறுத்தினாள்.

“நல்ல பையன் லா,” என்றாள். “இந்தக் காலத்துல யாரு இப்படி விட்டுக் குடுப்பா? பேசாம போயிட்டு வாங்க.”

நல்ல பையன். பாறை அவனுக்கு, எறும்பில்லாத அறை அவனுக்கு, கத்தரிக்காய்க் குழம்பு அவனுக்கு. இப்போது பெருந்தன்மையும் அவனுக்கா? செந்தூரன் போட்ட பிச்சையில் ஜப்பான் போய், செந்தூரன் நினைவோடு மூன்று வாரம் பச்சை மீன் தின்னும் மனிதனைக் கற்பனை செய்து பார்த்தார். முடியவில்லை. அவருக்குள் இருந்த நிபுணரும் விழித்துக்கொண்டு முறையிட்டார்: அந்தத் தடத்தைப் போய்ப் பன்றி என்று எழுதுவதா? தொழில் தெரிந்த எவனாவது ஒருநாள் அதைப் பார்த்துச் சிரிக்க மாட்டானா?

இரண்டு நாள் உட்கார்ந்து ஏழு பக்க அறிக்கை எழுதினார். அவர் வாழ்நாளில் எழுதியவற்றில் அதுவே சிறந்தது என்று இன்றும் அலுவலகத்தில் சொல்கிறார்கள். இது இரண்டு கால் பிராணி என்று முதல் பக்கத்தில் நிறுவியிருந்தார். பன்றி பூட்டைத் திறந்து உள்ளே வந்து, போகும்போது மறுபடி பூட்டிவிட்டுப் போகாது, ஆனால் பதினொரு ஞாயிறும் வேலிக்கதவு இரண்டு முறை அதிர்ந்திருக்கிறது என்று இரண்டாம் பக்கத்தில். அடிகளுக்கு இடையிலான நேரம், பாரம், பாதுகாப்புக் காலணியின் குதி, வலது முழங்காலின் கோளாறு எல்லாம் அடுத்தடுத்து. காற்றுக் குழாய் அருகே ஆள் சராசரியாக இருபது நிமிடம் அசையாமல் நின்றிருக்கிறார் என்று ஆறாம் பக்கம். ஏழாம் பக்கத்தில் பெயர்.

ராதாகிருஷ்ணன் கடைசிப் பக்கம் வரை ரசித்துப் படித்தார். பிறகு மேசைக்கு மேலாக எட்டி அம்புரோசின் முழங்காலைப் பார்த்தார்.

“பன்னின்னே இருக்கட்டுமே லா, அம்புரோஸ்,” என்றார் கெஞ்சுகிற குரலில். “வேலிக்கு கொட்டேஷன் எல்லாம் போட்டாச்சு.”

“பன்னி இல்ல பாஸ். நான்தான்,” என்றார் அம்புரோஸ். இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்தது வெட்கமா பெருமிதமா என்பதில் நேரில் பார்த்தவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

செந்தூரனை அழைத்தார்கள். ஏன் பன்றி என்றாய் என்று ராதாகிருஷ்ணன் கேட்டார். அவன் மேலாளருக்குப் பதில் சொல்லாமல் அம்புரோசைப் பார்த்தே பேசினான்.

“அண்ணே, எனக்குக் கிடைச்சது பாறை. நான் ஒண்ணும் பண்ணல, அது சும்மா இருக்குது. நீங்க சேத்துல உக்காந்துகிட்டு ரெண்டாவது வந்தீங்க. கடைய தூக்கிச் சுமந்தீங்களாம், மாரியாயி அக்கா சொன்னாங்க. நியாயமா நீங்கதான் போகணும்.”

இதைக் கேட்டதும் அம்புரோஸ் நெகிழ்ந்து போயிருக்க வேண்டும். நெகிழத்தான் செய்தார். ஆனால், காப்பாருக்கு இவன் எப்போது போனான், மாரியாயி இவனிடம் எப்படி இவ்வளவு சீக்கிரம் பேச ஆரம்பித்தார், தம்மிடம் மூன்று மாதம் முகம் கொடுக்காதவர் ஆயிற்றே என்ற கேள்வி நெகிழ்ச்சியைப் பாதி வழியில் மறித்தது.

விதி விதிதான். நிறுவனத்து ஆள் வந்து போனதால் அந்தப் பதினொரு ஞாயிறுகளும் கணக்கிலிருந்து நீங்க வேண்டும். அதற்குப் பதிவேட்டில், தாமதமாகவேனும், பதினொரு வரிகள் ஏற வேண்டும். ஒவ்வொன்றையும் நிலையப் பொறுப்பாளர் உறுதிப்படுத்திக் கையெழுத்திட வேண்டும். நீக்கினால் உலு லங்காட் முதலிடம், ஜப்பானுக்குச் செந்தூரன். அம்புரோசுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும், வேலிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் உத்தரவும். ராதாகிருஷ்ணன் இதையெல்லாம் சொல்லிவிட்டு, இப்போதுகூட வேண்டாம் என்றால் ஏழு பக்கத்தையும் மேசை இழுப்பறையில் போட்டுவிடுவேன் என்றார். அம்புரோஸ் பதிவேட்டைக் கேட்டார்.

மறுநாள் காலை பதிவேடு வந்தது. தேதி, நேரம், பெயர் எல்லாம் எளிதாக இருந்தன. வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில்தான் நின்றார். பழுதுபார்ப்பு, சோதனை, துப்புரவு என்று மலாயில் அச்சிட்டிருந்தது. மூன்றும் இல்லை. கடைசியில் ‘லாயின்-லாயின்’, அதாவது மற்றவை. அதற்கு எதிரே டிக் அடித்தால் பக்கத்துக் கோட்டில் விளக்கம் எழுத வேண்டும். அம்புரோஸ் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். நிபுணர் என்பவர் பதிவு செய்யும்போது கூட்டவோ குறைக்கவோ கூடாது. ‘செம்புரு’ என்று எழுதினார். மலாயில் பொறாமைக்கு அதுதான் பெயர், அரசாங்கப் படிவத்தில் இதற்கு முன் அது ஏறியதாகத் தெரியவில்லை. பதினொரு வரியிலும் அதையே எழுதினார். மூன்றாவது ஞாயிறில் மட்டும் சற்று அழுத்தமாக.

பதிவேட்டைச் செந்தூரன் பக்கம் தள்ளினார். அவன் முதல் வரியைப் படித்தான். சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, ‘உறுதி செய்யப்பட்டது’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டான். இரண்டாவதில் போட்டான். பதினொன்றிலும் போட்டான். எல்லாம் ஒரே சாய்வு, ஒரே நீளம். ஒன்றுகூடக் கோட்டைத் தொடவில்லை, ஒன்றுகூடக் கட்டத்தைத் தாண்டவில்லை.

அம்புரோஸ் அந்தக் கையெழுத்துகளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பிறகு கீழிருந்து மேலாக.

“இந்தப் பேனாவ,” என்றார், “எங்க வாங்குன?”